அந்த ஒரு வரியை ஏன் வெட்டினீர்கள்?

போன வாரம் நம் சங்கத்தின் பாராட்டு விழா அழைப்பிதழில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். விழாவில் பாராட்டப்படும் நர்ஸ் அக்கா தன்னைப் பற்றி எழுதி அனுப்பிய குறிப்பில் முதல் வரியே அவர் படித்த கம்யூனிட்டி காலேஜின் பெயர்தான். குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் பொதுக் கல்லூரி அது. அழைப்பிதழில் அந்த வரியை மட்டும் காணோம். பிறகு வாங்கிய பல்கலைக்கழகப் பட்டம் இருக்கிறது. மருத்துவமனைப் பதவி இருக்கிறது. அதே கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பெடுப்பதுகூட "கல்விச் சேவை" என்று இருக்கிறது, ஆனால் எந்தக் கல்லூரியில் என்று இல்லை. கேட்டால், "பார்க்கிறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க, அவங்க நல்லதுக்குத்தான்" என்று பதில் வருகிறது.

எது அவரை நர்ஸ் ஆக்கியதோ அதை வெட்டிவிட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் என்ன நல்லது இருக்கிறது?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பதிவுபெற்ற நர்ஸ் ஆக நான்கு வருடப் பட்டம்தான் வழி என்றில்லை. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி முடித்தவரும், பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்.என். பட்டம் முடித்தவரும் நர்ஸ் உரிமத்துக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வைத்தான். கேள்வித்தாளில் சலுகை கிடையாது. 1950களில் மில்ட்ரட் மாண்டாக் என்பவரின் யோசனையில் பிறந்தது இந்த இரண்டு வருட நர்சிங் படிப்பு. அதற்குள் நுழைவதும் சுலபமில்லை. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று ஆய்வகத்தோடு கூடிய பாடங்களை முதலில் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் பல கல்லூரிகளில் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும், சில இடங்களில் குலுக்கல்கூட உண்டு.

அந்த அக்கா சனிக்கிழமை என்ன செய்கிறார் என்று ஒருமுறையாவது யாராவது கேட்டீர்களா? மாணவர்களோடு வார்டில் நிற்கிறார். இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்ஸின் மாத்திரை கொடுப்பதற்கு முன் ஸ்டெதஸ்கோப்பை இடது மார்பில், ஐந்தாவது விலா இடைவெளியில் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வைக்கிறார். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒப்புக்கொள்ள மாட்டார். துடிப்பு சீராக இல்லாத நோயாளியிடம் அந்தக் கணக்கு பொய் சொல்லும். பெரியவர்களுக்கு அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். எழுதும்போது 0.125 என்று முன்னால் பூஜ்யம் போட்டே ஆக வேண்டும், வெறும் புள்ளியோடு எழுதினால் அந்தப் புள்ளி கண்ணில் படாமல் போய்விடும். 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 என்று எழுதக் கூடாது, அது 50 ஆகப் படிக்கப்பட்டு ஆளைக் கொன்றுவிடும். முதல் முறை நோயாளியின் அறைக்குள் போகும் மாணவிக்குக் கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதே கல்லூரியின் சீருடையில் அவரும் ஒருநாள் நடுங்கிக்கொண்டே போனவர்தான்.

அந்தப் பாதையில் நடந்தவருக்குத்தான் கால் எங்கே இடறும் என்று தெரியும். அதனால்தான் அங்கே படித்தவர்கள் சொல்லிக்கொடுக்க அங்கேயே திரும்பி வருகிறார்கள். அந்த வரியை வெட்டியபோது நீங்கள் வெட்டியது இதைத்தான்.

இடறுவது என்றால் என்ன என்றும் சொல்கிறேன், பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கும் பிள்ளை முதல் செமஸ்டரிலேயே கவுன்சலரைப் பார்த்துப் பாடத்திட்டம் போட வேண்டும். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் வரிவரியாகப் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நம்பி எடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். கால்குலஸ், இயற்பியல் போன்ற தொடர் பாடங்களைப் பாதி ஒரு கல்லூரியிலும் மீதி இன்னொன்றிலும் படித்தால், அதிலும் ஒன்று குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறை, மற்றது நீண்ட பருவங்கள் கொண்ட செமஸ்டர் முறை என்றால், நடுவில் ஓர் அத்தியாயம் விட்டுப்போகலாம், ஈடும் கிடைக்காமல் போகலாம். இட உத்தரவாதம் தரும் டாக் விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தோடு முடிந்துவிடும். அதுவும் ஆறு வளாகங்களுக்குத்தான், பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அதில் கிடையாது. அக்டோபரில் வந்து அழும் பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. அவர்களை ஆகஸ்டிலேயே பிடித்து உட்காரவைப்பது யார்? போன வருடம் அந்த வழியாகப் போன பிள்ளைதான், ட்யூட்டரிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு.

"அப்படின்னா ஸ்டான்ஃபோர்டு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். பெரிய ஆய்வகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அதில் எனக்குச் சண்டை இல்லை.

"பாதிப் பேர் முடிக்கிறதே இல்லையே" என்பார்கள். நிறையப் பேர் முடிப்பதில்லை, உண்மைதான். அங்கே முழுநேரம் படிப்பவர்களைவிடப் பகுதிநேரம் படிப்பவர்கள்தான் அதிகம். பகலில் கடையில் நின்று, இரவு எட்டு மணிக்கு வகுப்புக்கு வருகிறவரை, அப்பா பணத்தில் விடுதியில் தங்கிப் படிப்பவரோடு ஒரே தராசில் வைத்து, முடிக்கவில்லை என்று சொல்வது எப்படி நியாயம்? பாடங்களை அளப்பது யூனிட் கணக்கில். கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். அசோசியேட் டிகிரிக்கான அறுபது யூனிட் முடிக்க 2,760 டாலர். புத்தகம், ஆய்வகக் கட்டணம் தனி. இதற்குமேல் ஒரு டாலர்கூடப் புரட்ட முடியாத வீடுகள் இருக்கின்றன. நம் வீடுகளிலும் இருக்கின்றன.

"வேற வேலை கிடைக்காதவங்கதான் அங்கே பாடம் எடுப்பாங்க" என்று நம் சங்கத்தின் இணையக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் குழுவிலிருந்து வெளியேறினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் பொதுப் பாடங்கள் நடத்த முதுகலைப் பட்டம் வேண்டும். வெல்டிங், ஆட்டோமொபைல் போன்ற தொழிற்பாடங்களுக்கு, படிப்பு அசோசியேட் டிகிரி மட்டும் என்றால், ஆறு வருட அனுபவமும் வேண்டும். பகுதிநேர ஆசிரியருக்கு ஒரே கல்லூரி மாவட்டத்தில் முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்குமேல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர் என்று காரிலேயே சாப்பிட்டு வாழ்கிறார்கள். வார்டில் ஓவர்டைம் பார்த்தால் வரும் பணத்தை விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

ஹைமே எஸ்கலாண்டேயை நினைத்துப் பாருங்கள். பொலிவியாவில் பல வருடம் கணக்கும் இயற்பியலும் நடத்திய ஆசிரியர். அமெரிக்கா வந்ததும் அந்தத் தகுதி செல்லவில்லை. காபிக்கடையில் தரை துடைத்துக்கொண்டே பாசடீனா சிட்டி காலேஜில் ஆங்கிலத்திலிருந்து தொடங்கினார். எலெக்ட்ரானிக்ஸ் படித்து நல்ல கம்பெனி வேலைக்குப் போனார், அதையும் விட்டுவிட்டு கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரி அளவிலான ஏ.பி. கால்குலஸ் தேர்வில் தேறினார்கள். விடைகளில் ஒரே மாதிரித் தவறுகள் இருக்கின்றன என்று தேர்வு நடத்திய நிறுவனம் 14 பேர் மேல் சந்தேகப்பட்டது. 12 பேர் மறுபடி எழுதினார்கள், பன்னிரண்டு பேரும் தேறினார்கள். பிறகு கோடை வகுப்புகளை அவர் எங்கே நடத்தினார் தெரியுமா? ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜில், அதுவும் ஒரு கம்யூனிட்டி காலேஜ்தான். 2016இல் அமெரிக்க அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. விண்வெளி ஓடத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண் அய்லீன் காலின்ஸ் முதலில் படித்தது கார்னிங் கம்யூனிட்டி காலேஜில். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் அந்த வரியை யாரும் வெட்டுவதில்லை.

நம் வீட்டுப் பெண்களையும் யோசியுங்கள். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வந்து, ஊரில் வாங்கிய பட்டம் பெட்டிக்குள் கிடக்க, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் குழந்தைக்கல்வி வகுப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு யூனிட் முடித்து, வேலை அனுமதி வந்த பிறகு பாலர் பள்ளியில் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' சுழிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் எங்கே படித்தார் என்பதையும் மறைக்கத்தான் சொல்வீர்களா?

நிர்வாகக் குழு அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒன்றே ஒன்று. விழா மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று தெரியும். மூன்றாம் பக்கம், அவருடைய படத்துக்குக் கீழே. அவர் அனுப்பிய முதல் வரியை அவர் எழுதியபடியே சேர்த்துவிடுங்கள். அவரை நீங்களே போனில் கூப்பிட்டு, சேர்த்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.