வாய் இல்லாத கிட்டி

கார்ட்டூன் பாத்திரங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கதையிலிருந்துதான் பிறக்கும். பூனை முகம் கொண்ட ஹலோ கிட்டி பிறந்தது ஒரு சில்லறைப் பர்ஸில். 1974ல் ஜப்பானின் சான்ரியோ நிறுவனத்தில் யூகோ ஷிமிசு வரைந்த உருவம் அது. அடுத்த ஆண்டு உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பர்ஸில் அச்சாகிக் கடைக்கு வந்தது. ஒரு பக்கம் பால் பாட்டில், இன்னொரு பக்கம் தங்கமீன் தொட்டி, நடுவில் கிட்டி. உடம்பு பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். முகம் மட்டும் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கும். விலை 240 யென்.

அந்தப் பர்ஸிலேயே எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சான்ரியோவைத் தொடங்கிய ஷிண்டாரோ சுஜி, ரப்பர் செருப்பில் ஒரு சின்னப் படம் போட்டாலே விற்பனை கூடுவதைப் பார்த்தவர். சின்னப் பரிசு, பெரிய புன்னகை என்பதுதான் அவருடைய நிறுவனத்தின் வாசகம். ஒருவர் இன்னொருவர் கையில் கொடுப்பதற்கென்றே வந்தவள் கிட்டி. கதைக்காகப் பிடித்துப்போன பாத்திரம் கதை பழசானதும் மங்கிவிடும். தோழி கொடுத்த பர்ஸ் அப்படிப் பழசாகாது.

"வெறும் வியாபாரம்" என்று சொல்பவர்கள் உண்டு. வியாபாரம்தான், சரி. ஆனால் விளம்பரத்தை மட்டும் வைத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு முகத்தை யாராலும் பிடித்த முகமாக வைத்திருக்க முடியாது. 1980ல் கிட்டியை வரையும் பொறுப்பை ஏற்ற யூகோ யமகுச்சி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவளைக் காலத்துக்கு ஏற்றபடி வரைந்துகொண்டே வந்தார். ஜப்பானில் ஊருக்கு ஊர் ஒரு கிட்டி உண்டு. ஹொக்கைடோவில் லாவெண்டர், அவோமோரியில் ஆப்பிள், ஓகினாவாவில் நம்ம பாகற்காய்! ஊர் சுற்றிவிட்டு வருகிறவர் வீட்டுக்கு வாங்கி வரும் சாவிக்கொத்தில் அந்த ஊரே தொங்கும். இந்த உழைப்பை ஏனோ யாரும் பேசுவதில்லை.

அப்புறம் அந்த வாய். பார்ப்பவர் தன் மனநிலையை அவள் முகத்தில் ஏற்றிப் பார்க்கட்டும் என்றுதான் வாய் வைக்கவில்லை என்பது சான்ரியோ தரும் விளக்கம். பெண் என்றால் வாய் பேசக்கூடாதா என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் போன வாரம் என் அக்கா மகள் கிட்டியை வரைந்தபோது பக்கத்தில் இருந்தேன். இரண்டு கண், மஞ்சள் மூக்கு, பக்கத்துக்கு மூன்று மீசை. கடைசியில் தானாகவே சிரித்த வாய் ஒன்றையும் போட்டாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து அழித்தாள். "இது எப்பவும் சிரிச்சுட்டே இருக்கு சித்தி. நான் அழுதா என்ன பண்ணும்?" என்றாள்.

2014ல் "கிட்டி பூனையே இல்லை, லண்டன் பக்கம் வாழும் சிறுமி" என்று செய்தி வந்து உலகமே அதிர்ந்தது. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஐந்து ஆப்பிள் உயரம், இரட்டைச் சகோதரி மிம்மி, நவம்பர் 1 பிறந்தநாள் எல்லாம் ரசிக்கத்தக்க விவரங்கள். தெரியாவிட்டாலும் கிட்டியைப் பிடிக்கும்.

அந்தப் படத்தை வாங்கி வந்துவிட்டேன். மூக்குக்குக் கீழே ரப்பர் அழித்த இடத்தில் காகிதம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.