ரோபோ ஓடுது, சரி. ஒயரை மாட்டியது யார்?

கோடை விடுமுறை நெருங்கினாலே கோவையில் தெருவுக்குத் தெரு நோட்டீஸ் தொங்கும். ஐந்து வயதிலிருந்து ரோபோட்டிக்ஸ், ஆறு வயதிலிருந்து கோடிங். இப்போது கூடவே 'லைஃப் ஸ்கில்ஸ்' வேறு: பட்டன் போடுவது, காய் நறுக்குவது, கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது. "இதுக்கெல்லாமா காசு?" என்று சிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நோட்டீஸில் காசு கொடுக்கத் தகுந்தது பெரும்பாலும் அதுதான்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போர் மூண்டதால் பல வருடம் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது; கொடைக்கானலிலும் இருந்தார். அவர் முறையில் சின்னக் குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் தருகிற வேலைகள் என்ன தெரியுமா? ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, மரச்சட்டத்தில் மாட்டிய துணியில் பட்டன் போட்டுக் கழற்றுவது. ஜாடி கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கும், வேண்டுமென்றேதான். கீழே போட்டால் உடையும் என்பது கைக்குத் தெரியட்டும் என்று. சிந்தினால் துடைக்கப் பக்கத்திலேயே துணி. நம் வீடுகளில் எல்லாம் பிளாஸ்டிக், போதாததற்கு "நீ தொடாதே, நான் ஊத்தித் தரேன்" வேறு.

டெக்னாலஜி கிளாஸுக்கு வருவோம். ஒரு இடத்தில் நேரில் பார்த்தது. பேட்டரியில் ஓடும் இரண்டு சக்கர வண்டி. எல்லாம் மாட்டியாயிற்று, ஸ்விட்சைப் போட்டால் வண்டி பின்னால் போகிறது. அந்தச் சிறுமி குனிந்து பார்த்து, "ஏன் ரிவர்ஸ்ல போகுது?" என்றாள். சொல்லிக் கொடுத்த சார் வந்து மோட்டாரின் இரண்டு ஒயரையும் சட்டென்று மாற்றிச் செருகிவிட்டுப் போய்விட்டார். வண்டி முன்னால் ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். ஒயரை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதுதானே அன்றைய பாடமே! அதை அவளே கண்டுபிடித்திருந்தால் ஜென்மத்துக்கும் மறந்திருக்க மாட்டாள்.

அவரையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். கடைசி நாள் பெற்றோரைக் கூப்பிட்டு 'டெமோ' காட்டியாக வேண்டும். ஓடாத வண்டியை எந்த அப்பா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார்? நாம் கேட்பது ஓடுகிற வண்டி, சர்டிபிகேட். அவர்கள் கொடுப்பதும் அதுதான்.

இத்தனைக்கும் பொருள்களுக்குப் பெரிய செலவே இல்லை. ஐந்து முதல் ஏழு வயதுக்கென்றே செய்த ஸ்க்ராட்ச் ஜூனியர் என்கிற கோடிங் ஆப் இலவசம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் அதில் பூனையை நடக்க வைக்கலாம். பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித் தரும் அரவிந்த் குப்தா 1970-களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்தே வடிவியல் சொல்லிக் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். குச்சிகளை டியூபால் இணைத்துச் சதுரம் செய்து அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. பாலத்திலும் டவரிலும் ஏன் முக்கோணமாகக் கம்பி போடுகிறார்கள் என்பது குழந்தையின் விரலுக்கே புரிந்துவிடும். ஆக, ஆயிரக்கணக்கில் நாம் கட்டுகிற ஃபீஸ், தன் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒரு பெரியவருக்கானது. அவர் இல்லையென்றால் வெறும் கிட்டுக்குத்தான் காசு.

நம்ம ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் பைக்கை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டியவர். தெருவுக்குத் தெரு மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கும் ஊர் இது. எரிந்துபோன ஒரு ஃபேனைப் பிரிப்பதைப் பிள்ளையோடு நின்று பார்த்துவிட்டு வாருங்களேன்.

ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: பட்டன் செல், அதாவது காசு மாதிரி இருக்கும் குட்டி வட்ட பேட்டரி, தருகிறார்களா? சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பென்சில் பேட்டரி போதும். அப்புறம் ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள், ஸ்க்ரூடிரைவர் யார் கையில் இருக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். உள்ளே விட மாட்டேன் என்றால் அங்கே சேர்க்க வேண்டாம்.

பீளமேடு, கணபதி பக்கம் டெமோ நாள் வைக்காத கிளாஸ் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஃபீஸ் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை.