‘எங்க மாவட்டம்தான் முதலிடம்’: கேன்சர் எண்களைப் படிப்பது எப்படி

கொஞ்ச நாளைக்கு ஒருமுறை அந்தப் பட்டியல் சுற்றுக்கு வந்துவிடுகிறது. மேலே சிவப்பு எழுத்தில் ‘கேன்சரில் முதலிடம் பிடித்த மாவட்டங்கள்’, கீழே ஐந்தாறு பெயர், பக்கத்தில் எண்கள். உடனே கமெண்டில் சண்டை: சாயப்பட்டறை, அனல்மின் நிலையம், செல்போன் டவர், பிராய்லர் கோழி. அந்த எண்கள் எதை எண்ணியவை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மருத்துவமனைக்கு வந்து போனவர்களா? காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கோரிய விண்ணப்பங்களா? அல்லது அந்த மாவட்டத்தில் குடியிருப்பவர்களில் அந்த ஆண்டு புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களா? ஒரே நோயாளி ஆறு முறை கீமோ ஏற்றிக்கொண்டால் விண்ணப்பக் கணக்கில் ஆறு வரி விழலாம். புதிய நோயாளிக் கணக்கில் அவர் ஒருவர்தான்.

மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிட உதவுவது அந்தக் கடைசி வகை மட்டுமே. அதைத் தருவது மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு. சென்னைக்கு அடையாறு புற்றுநோய் நிலையம் 1982-லிருந்து வைத்திருக்கும் பதிவேடு நாட்டின் பழையவற்றில் ஒன்று. மும்பைப் பதிவேடு 1963-லேயே தொடங்கிவிட்டது. கிராமப்புறத்துக்கு 2003-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கைப் பதிவேடு வந்தது. மாநிலம் முழுமைக்குமான திட்டம் 2012-ல் ஆரம்பித்தது.

இந்த வேலை உட்கார்ந்த இடத்தில் நடப்பதில்லை. பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனை, பயாப்ஸி பார்க்கும் லேப், கதிர்வீச்சு மையம், மாநகராட்சியின் இறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் போய் எடுக்கவேண்டும். எடுத்ததைச் சலிப்பது அதைவிடக் கஷ்டம். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ‘எஸ். முருகன்’ ஓர் இடத்தில், ‘முருகன் எஸ்’ இன்னோர் இடத்தில், ‘முருகேசன்’ மூன்றாவது இடத்தில் இருப்பார். மூன்றும் ஒரே ஆள் என்பதை வயது, முகவரி, நோய் வந்த உறுப்பு எல்லாம் பார்த்துத்தான் பிடிக்கமுடியும். பிடிக்காவிட்டால் ஒருவர் மூவராகிவிடுவார். ஈரலுக்குப் பரவிய குடல் புற்றுநோயை ஈரல் புற்றுநோய் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்த சிக்கல் முகவரி. குறைந்தது ஓராண்டாவது அங்கே குடியிருந்தவர்தான் அந்த ஊர்க் கணக்கில் சேரவேண்டும் என்பது விதி. சிகிச்சைக்குச் சென்னை வந்து அண்ணன் வீட்டில் தங்குபவர் அந்த வீட்டு முகவரியைத்தான் மருத்துவமனையில் சொல்வார். இப்படியே சென்னையின் எண் வீங்கும், அவருடைய சொந்த மாவட்டத்தின் எண் சுருங்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கன்னியாகுமரிக்காரர் திருவனந்தபுரம் போவார், கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூர் போவார். அந்த மாநில மருத்துவமனைகளிலிருந்து பெயர்களை வாங்காவிட்டால் எல்லை மாவட்டங்களில் கேன்சரே குறைவு என்று தோன்றிவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தபிறகும் பட்டியல் ஏமாற்றும். காரணம் வயது. ஒரு கற்பனைக் கணக்கு: இரண்டு வட்டாரம், இரண்டிலும் ஒரு லட்சம் பேர். இரண்டு இடத்திலும் 50 வயதுக்குக் கீழே லட்சத்துக்கு 30 பேருக்கும், 50-க்கு மேலே லட்சத்துக்கு 300 பேருக்கும் ஆண்டுதோறும் நோய் வருகிறது. அதாவது ஆபத்து அச்சு அசலாக ஒன்றுதான். முதல் வட்டாரத்தில் 50-ஐத் தாண்டியவர்கள் 40,000 பேர். அங்கே 18-ம் 120-ம் சேர்ந்து 138 நோயாளிகள். இரண்டாவதில் தாண்டியவர்கள் 20,000 பேர். அங்கே 24-ம் 60-ம் சேர்ந்து 84. செய்தியில் முதல் வட்டாரம் ‘ஹாட்ஸ்பாட்’ ஆகிவிடும். அங்கே கூடுதலாக இருப்பது வயதானவர்கள் மட்டும்தான்.

இதைச் சமன்செய்யத்தான் வயது சரிசெய்த விகிதம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பதிவேடுகள் ஒரே ஒரு கற்பனை மக்கள்தொகையைப் பொது அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன. அதில் 50-க்குக் கீழே 80 சதவீதம், மேலே 20 சதவீதம். 30, 300 என்ற விகிதங்களை அதில் பொருத்தினால் இரண்டு வட்டாரத்துக்கும் 84 என்றுதான் விடை வரும். குழந்தைப்பேறு முதலில் குறைந்த கேரளமும் அதை ஒட்டிய நம் மாவட்டங்களும் வயது சரிசெய்யாத கச்சா எண்ணில் மேலே நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். வயது சரிசெய்ததா என்று சொல்லாத மாவட்டப் பட்டியலை நான் பகிரமாட்டேன். நீங்களும் பகிராதீர்கள்.

அப்படியானால் ஊருக்கு ஊர் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, மலைக்கும் மடுவுக்குமாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் வெளியிட்ட தேசியப் பதிவேட்டு அறிக்கையில் 2012–16 காலத்துக்கு மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில் ஆண்களின் வயது சரிசெய்த விகிதம் லட்சத்துக்கு 269.4. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்–பீட் பகுதியில் 39.5. ஏறக்குறைய ஏழு மடங்கு. உஸ்மானாபாத் பக்கம் கண்டறியப்படாமலே போவதும் இதில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் ஐஸ்வாலின் உயரத்தை அது விளக்காது. அங்கே சுருட்டும் சிகரெட்டும் போக, புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கி அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அங்கே கூடுதலாக வருவது இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள். மேகாலயாவின் கிழக்கு காசி மலையில் உணவுக்குழாய். அங்கே பச்சைப் பாக்கு விருந்தோம்பலின் பகுதி. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் பெண்களிடம் முன்வரிசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது அரிது. அகமதாபாத்தில் குட்காவால் வாய்.

கவனித்தால், மொத்த எண்ணைவிட உறுப்புதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ‘கேன்சர்’ என்பது ஒரே நோய் இல்லை என்பதால் ‘கேன்சர் அதிகம்’ என்ற வாக்கியத்திலிருந்து எந்த முடிவுக்கும் போகமுடியாது. பென்சிடின் வகைச் சாயங்கள் சிறுநீர்ப்பையைத் தாக்கும் என்பது நிரூபணமானது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நுரையீரலும் அதன் உறையும். ஆர்சனிக் என்றால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை. சாயக்கழிவுதான் காரணம் என்று ஒரு மாவட்டம் சந்தேகப்பட்டால் முதலில் பார்க்கவேண்டியது சாயத்தைக் கையால் தொட்ட தொழிலாளர்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அங்கே கூடியிருப்பது மார்பகமும் வாயும் என்றால் விரல் வேறு பக்கம் நீளவேண்டும். காலமும் பொருந்தவேண்டும். கட்டியாக வரும் புற்றுநோய்களுக்கு நச்சு உடலில் பட்டதிலிருந்து பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும், சிலவற்றுக்கு முப்பதும் நாற்பதும். போன வருஷம் திறந்த ஆலை இந்த வருஷத்துக் கட்டிக்குக் காரணமாக முடியாது.

இதைச் சொன்னால் ஆலைக்காரனுக்கு வக்காலத்தா என்பார்கள். இல்லை. நொய்யலை நாசமாக்கியவனைத் தண்டிக்க நொய்யல் நாசமானதே போதும். கிணற்றுத் தண்ணீரின் உப்பும் செத்துப்போன நிலமும் சாட்சி. கேன்சரைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் குறுக்கு விசாரணையிலேயே அதை உடைத்துவிடுவார். கூடவே உண்மையான குற்றச்சாட்டும் பலவீனமாகும்.

கேரளத்தின் கருநாகப்பள்ளி இதற்கு நல்ல பாடம். தோரியம் கலந்த கடற்கரை மணல், இயற்கையிலேயே கதிர்வீச்சு அதிகம். அங்கே 1990-லிருந்து பதிவேடு நடத்தி, வீட்டுக்கு வீடு கதிர்வீச்சு அளந்து, ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்தார்கள். 2009-ல் வெளியான முடிவில் கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடவில்லை. அதே வகை மணல் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணலால்தான் கேன்சர் என்னும் வாட்ஸப் செய்திகளை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். மணல் அள்ளுவதை எதிர்க்கக் கடலரிப்பு என்ற வலுவான காரணம் தனியே இருக்கிறது.

பஞ்சாபின் பட்டிண்டாவிலிருந்து ராஜஸ்தானின் பிகானேருக்குப் போகும் ‘கேன்சர் ரயில்’ எல்லாருக்கும் தெரிந்த கதை. பூச்சிமருந்து அடித்த பருத்திக் காடும் ரயில் நிறைய நோயாளிகளும். பஞ்சாபில் பதிவேடுகள் வந்து எண்ணிப் பார்த்தபோது பருத்தி விளையும் மான்சா மாவட்டத்தைவிடச் சண்டிகர், மொகாலி நகரப் பகுதிகளில்தான் விகிதம் அதிகமாக இருந்தது. பூச்சிமருந்து அப்பாவி என்று இதற்குப் பொருள் இல்லை. ரயில் நிறைந்ததற்கு முதல் காரணம், அந்தப் பக்கம் கட்டுப்படியாகும் புற்றுநோய் மருத்துவமனை அருகில் இல்லாதது.

இனி ‘எங்க தெருவுலயே நாலு பேருக்கு’ என்ற வாதம். நாட்டில் ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 100 புதிய நோயாளிகள். 2,000 பேர் உள்ள ஊரில் வருஷத்துக்கு 2 பேர் எதிர்பார்க்கலாம். வெறும் தற்செயலாலேயே ஒரு வருஷத்தில் 4 அல்லது அதற்கு மேல் வர ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. 6 அல்லது அதற்கு மேல் வர அறுபதில் ஒன்று. தமிழ்நாட்டில் 12,500 ஊராட்சிகள். எல்லாமே இந்த அளவு என்று வைத்தால், எந்த நச்சும் இல்லாமலே ஒவ்வோர் ஆண்டும் சுமார் 200 ஊராட்சிகளில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு வந்து நிற்கும். டிவி கேமரா அந்த 200-ல் ஒன்றுக்குத்தான் போகும். சுவரில் சுட்டுவிட்டு, குண்டு பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து ‘குறி தப்பவில்லை’ என்பது போன்றது இது.

சந்தேகம் தீரவில்லை என்றால் முறையாகச் செய்யலாம். எண்ணுவதற்கு முன்பே எல்லையை முடிவுசெய்யுங்கள். ஊராட்சி என்றால் ஊராட்சி முழுவதும். ஒரு வருஷம் போதாது, ஐந்து வருஷம் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் வயது, பால், முதலில் வந்த உறுப்பு, பயாப்ஸி நடந்த ஆண்டு, எத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறார், புகையிலை உண்டா, என்ன வேலை பார்த்தார் என்று எழுதுங்கள். இறந்தவர்களையும் சேருங்கள், கட்டிக்கொடுத்து வெளியூர் போய் அங்கே நோய் வந்த பெண்களைச் சேர்க்காதீர்கள். 2,000 பேருக்கு ஐந்து வருஷத்தில் 10 எதிர்பார்ப்பு; முதியவர்கள் அதிகமான ஊர் என்றால் இன்னும் கூடும். 13, 14 என்றால் சும்மா விடலாம். 20-ஐத் தொட்டால், அதுவும் பாதிக்கு மேல் ஒரே உறுப்பு என்றால், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் பதிவேட்டுக்கும் எழுத்தில் கொடுத்து விசாரிக்கச் சொல்ல நியாயம் இருக்கிறது.

காலப்போக்கில் நடந்ததையும் உறுப்பு வாரியாகத்தான் பார்க்கவேண்டும். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் லட்சம் பெண்களுக்கு 40-க்கு மேல். இன்று அதில் பாதிகூட இல்லை. அதே காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஏறி 40-ஐத் தாண்டிவிட்டது. இரண்டையும் பெருமளவு நகர்த்தியது ஒரே சமூக மாற்றம்தான். தாமதமான திருமணமும் குறைவான பிரசவமும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் தொற்றின் பாதிப்பைக் குறைத்தன; தாமதமான முதல் குழந்தை, குறைந்த பிள்ளைகள், சுருங்கிய தாய்ப்பால் காலம், கூடிய எடை எல்லாம் மார்பகத்தின் ஆபத்தைக் கூட்டின. ஆண்களில் இரைப்பைப் புற்றுநோய் மெல்ல இறங்குகிறது, குடல் ஏறுகிறது. வாய்ப் புற்றுநோய்தான் வெட்கக்கேடு. குட்காவுக்குத் தடை இருக்கும் மாநிலத்தில் ஹான்ஸும் கூல் லிப்பும் பள்ளிக்கூட வாசல் வரை கிடைக்கின்றன. அதற்கு எதிராக ஒரு சாலை மறியல் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கர்ப்பப்பை வாய்க்கு வழியும் நம் ஊரிலேயே காட்டப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி, பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்து, வெண்திட்டு தெரிந்தால் சிகிச்சை கொடுத்தார்கள். 2007-ல் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. ஸ்கேன் இல்லை, பெரிய கருவி இல்லை.

2023 இறுதியில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்க்கு அரசு பரிசோதனை தொடங்கியது. தேடினால் கிடைக்கும். ஆகவே இந்த மாவட்டங்களில் எண் ஏறினால் அது எதிர்பார்த்த ஒன்று. ‘கேன்சர் இரட்டிப்பு’ என்று தலைப்பு போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைக் கேட்கவேண்டும். நோயின் முதல் அல்லது இரண்டாம் நிலையிலேயே பிடிபட்டவர்களின் பங்கு கூடியதா? நாலைந்து வருஷம் கழித்து இறப்பு விகிதம் இறங்கியதா? தென்கொரியாவில் தைராய்டுக்கு ஸ்கேன் பார்க்க ஆரம்பித்து, 2011-ல் அந்தப் புற்றுநோய் 1993-ஐப்போல 15 மடங்கு ஆனது. இறப்பு துளியும் மாறவில்லை. சாகும்வரை தொந்தரவு தராத கட்டிகளுக்காகப் பலர் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். திருவனந்தபுரத்துப் பெண்களிடம் தைராய்டு எண் ஏறுவதை இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும்.

இறப்பு விகிதம் பற்றிய இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் இப்போது சிரமம். வீட்டில் நடக்கும் மரணங்களுக்கு மருத்துவர் காரணம் எழுதுவது குறைவு. எழுதினாலும் ‘இதயமும் மூச்சும் நின்றது’ என்று எழுதுகிறார்கள், அது எல்லா மரணத்துக்கும் பொருந்தும். பதிவேட்டில் 100 புதிய நோயாளிக்கு 20 இறப்பு மட்டும் காட்டினால் அங்கே சிகிச்சை பிரமாதம் என்று நினைக்காதீர்கள், இறப்புகள் வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டில் புற்றுநோயால் யாராவது இறந்தால், இறப்பைப் பதியும்போது மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோய், எந்த உறுப்பில் தொடங்கியது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.