கையுறை போட்டிருக்க வேண்டியதுதானே?

இந்த ஒரு வரிதான் மூன்று நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்தது என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும், சனிக்கிழமையே எழுதிவிட்டேன். அதனால் முழுக்கதையும் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் குப்பை எடுக்கும் அக்கா பையைத் தூக்கி வண்டியில் போடும்போது கனம் தாங்காமல் அடியில் ஒரு கையைக் கொடுத்திருக்கிறார். உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. யாரோ ஒருவர் வீட்டு இன்சுலின் ஊசி, மூடிகூட இல்லை. இதைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் வந்த பதில்தான் மேலே தலைப்பாக இருப்பது. அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல்கள்.

அக்கா கையுறை போட்டுத்தான் இருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. ரப்பர் கையுறை அழுக்கைத் தடுக்கும், கசியும் ரத்தத்தைத் தடுக்கும். தோலைத் துளைப்பதற்கென்றே கூராக்கிய ஊசிக்கு அது எம்மாத்திரம்? அறுவை அரங்கில் இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு நிற்கும் மருத்துவர்களுக்கே குத்துகிறது. அவர்களுக்காவது எதிரில் ஊசி இருப்பது தெரியும். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் இறுக்கக் கட்டிய ஒரு கறுப்புப் பை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான், இன்றைக்கு அதைப் பத்து முறை சொன்னாலும் சொல்வேன். பைக்குள் என்ன இருக்கிறது என்பது அதைக் கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவர் சும்மா இருந்துவிட்டு, தெரியாதவரைப் பார்த்து நீ ஜாக்கிரதையாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் இங்கே எழுத முடியாது.

அதே ஊசியை மருத்துவமனையில் ஒரு செவிலியர் போட்டால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். துளைக்க முடியாத தனிப் பெட்டி. முக்கால்வாசி நிறைந்ததும் மூடி முத்திரை. அதை எடுக்கத் தனி ஆள், தனி வண்டி. பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடாதே என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே ஊசி காய்கறித் தோலோடு சேர்ந்துவிடுகிறது. ஊசியின் கூர்மை வாசற்படி தாண்டியதும் மழுங்கிவிடுமா என்ன?

இப்போதெல்லாம் பாதி மருத்துவமனை வீட்டுக்குள்தான் நடக்கிறது. இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, சர்க்கரை பார்க்கக் குத்தும் லான்செட், புண்ணுக்குக் கட்டிய துணி, சிறுநீர்க் குழாய், பை, வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் வீட்டில் தினமும் மூட்டையாகச் சேரும் பிளாஸ்டிக். உலகத்தில் வயதுவந்தோரில் 53.7 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2021-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. எல்லோரும் ஊசி போடுபவர்கள் இல்லை, தெரியும். ஆனால் போடுபவர் ஒருவர் ஒரு நாளைக்கு நான்கு முறை போட்டால் வருடத்துக்கு 1,460 ஊசி. ஒரே ஒரு ஆளுக்கு.

இந்த 1,460 நான் எங்கேயோ படித்த கணக்கு இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கு. அம்மாவுக்குத்தான்.

எப்படியும் யாராவது தோண்டி எடுப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் நாங்களும் சாதாரணக் குப்பையில்தான் போட்டோம். கிட்டத்தட்ட 3,000 ஊசி. அம்மா ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு, பழைய செய்தித்தாளில் மடித்து, ஏதோ பெரிய பாதுகாப்பு செய்தது போல நிம்மதியாகப் போடுவார். நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இன்சுலின் பேனாவில் மாட்டும் ஊசி நான்கே மில்லிமீட்டர், தலைமுடி போல இருக்கும். அதைப் பார்த்தால் ஆபத்து என்றே மனதுக்குத் தோன்றாது. தாத்தா காலத்தில் கண்ணாடிச் சிரிஞ்சு, தடித்த ஊசி, கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அதைப் பார்த்தாலே எல்லோரும் பத்தடி தள்ளி நிற்போம். இப்போது வலிக்காத ஊசி. வலி குறைந்ததோடு பயமும் போய்விட்டது.

எங்களை மாற்றியது ஞானோதயம் எதுவும் இல்லை. ஒரு நாள் குப்பைக்கூடையை மாற்றும்போது என் விரலிலேயே குத்தியது. என் அம்மாவின் ஊசி, என் அம்மாவின் ரத்தம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கை நடுங்கிற்று. அன்றிலிருந்துதான் ஊசியைக் கெட்டியான பாட்டிலில் போடுகிறோம். ஆக, எனக்குக் குத்தியபிறகுதான் எனக்கும் புத்தி வந்தது. "நீ மட்டும் என்ன யோக்கியமா" என்று எழுதத் தயாராக இருப்பவர்கள் அந்த வேலையை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, குழுவில் ஒருவர் அனுப்பிய அறிவியல் பாடம். "சும்மா பீதியைக் கிளப்பாதீர்கள், ஊசி குத்தி எச்ஐவி வருவதற்கான வாய்ப்பு 0.3 சதவீதம்தான்." சரியான எண்தான், மறுக்கவில்லை. நோயுள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி மருத்துவப் பணியாளருக்குக் குத்தினால் என்ற கணக்கு அது. குப்பையில் காய்ந்து கிடந்த ஊசி என்றால் அதைவிடவும் குறைவு. ஆனால் அதே பாடத்தில் அடுத்த வரியை ஏன் விட்டுவிட்டார்? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி பழைய கணக்கில் சுமார் 1.8 சதவீதம், புதிய கணக்கில் சுமார் 0.2 சதவீதம். ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு, 6 முதல் 30 சதவீதம் வரை. அந்த பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைக்கும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. அக்கா தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று நம்மில் யாராவது என்றைக்காவது கேட்டோமா? நானும் கேட்டதில்லை.

0.3 என்று எழுதுவதற்கு ஒரு நொடி. அதை வாழ்ந்து பார்ப்பதற்கு எவ்வளவு நாள் தெரியுமா? குத்தின உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. மருத்துவர் தேவை என்று நினைத்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம், தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். குமட்டல், களைப்பு எல்லாம் சேர்ந்து வரும். அப்புறம் ரத்தப் பரிசோதனை: இன்று ஒன்று, ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, சிலருக்கு ஆறு மாதம் வரைக்கும் போகும். ஒவ்வொரு முறையும் வேலைக்கு விடுப்பு. மருந்து எதற்கு என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? இதெல்லாம் அந்த 0.3-க்குள் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாராவது காட்டுங்கள்.

இன்னொரு வாதம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். "வீட்டில் இருப்பவர் என்னதான் செய்வார், கொண்டுபோய்க் கொடுக்க இடம் வேண்டாமா?" வேண்டும். நிச்சயமாக வேண்டும். பிரான்சில் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்பவருக்கு மருந்துக்கடையிலேயே இலவசமாகப் பெட்டி தருகிறார்கள், நிறைந்ததும் திரும்பக் கொடுக்க இடமும் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் 2008 செப்டம்பரிலிருந்து ஊசியை வீட்டுக் குப்பையில் போடுவதே சட்டவிரோதம். ஊசி விற்பவனுக்கு அதைத் திரும்ப வாங்கும் பொறுப்பும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் இதைச் சொன்னவர், அந்த ஏற்பாடு வரும்வரைக்கும் தன் வீட்டு ஊசியை எங்கே போடுகிறார் என்று கேட்டேன். பதில் வரவில்லை. இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.

பாட்டில் என்று சொன்னேனே, அது ஒன்றும் ராக்கெட் இல்லை. துணி சோப்பு திரவம் வரும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடி உள்ளது. தண்ணீர் பாட்டில் வேண்டாம், மெல்லிசு, நசுங்கினால் ஊசி வெளியே நீட்டும். கண்ணாடி வேண்டாம், உடையும். ஊசியைக் கழற்றியதும் நேராக அதற்குள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, "ஊசி, திறக்காதீர்" என்று பெரிதாக எழுதிவிட வேண்டும். மறுசுழற்சிக் கூடையில் போடக் கூடாது, அங்கே அதைக் கையால் பிரிப்பவர் இன்னொரு அக்கா. வாங்கிக்கொள்ளும் இடம் இருந்தால் அங்கே. இல்லையென்றால் எடுப்பவரிடம் வாயைத் திறந்து "இதில் ஊசி இருக்கிறது" என்று சொல்லி, தனியாகக் கையில் கொடுங்கள். ஒரு வாக்கியம். காலையில் எத்தனை பேருக்கு "குட் மார்னிங்" படம் அனுப்புகிறோம்?

ஊசியோடு முடிந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. அப்பா போனபிறகு அவர் அலமாரியைச் சுத்தம் செய்தேன். ஒரு அட்டைப்பெட்டி நிறைய மருந்து. வாழ்நாளில் எனக்குப் பிடிக்காத ஒரு வேலை இருந்தால் அது அதுதான். பாதி தீர்ந்த அட்டைகள், சீல் உடைக்காத புட்டி, கடும் வலிக்காக மூன்று நாளுக்கு ஒருமுறை தோளில் ஒட்டிய ஃபென்டனில் என்ற வீரியமான வலிமருந்துப் பட்டைகள். அழுதுகொண்டே எல்லா மாத்திரையையும் பிதுக்கிக் கழிப்பறையில் ஊற்றிவிட்டேன். பட்டைகளைக் குப்பையில் போட்டேன். கண்ணில் படாமல் போனால் போதும் என்று இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன் என்று. ஃபென்டனில் பட்டையை மூன்று நாள் ஒட்டி எடுத்தபிறகும் ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்து அதில் மிச்சம் இருக்கும். குழந்தைகளுக்கு அது ஸ்டிக்கர் மாதிரி. திரும்பக் கொடுக்க வழி இல்லாவிட்டால், ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்துக் கழிப்பறையில் விட்டுவிடச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லும் மிகச் சில மருந்துகளில் அது ஒன்று. மற்ற பெரும்பாலான மாத்திரைகளைத் தண்ணீரில் விடக் கூடாது. மண்ணோடோ பயன்படுத்திய காபித்தூளோடோ கலந்து, மூடிய பையில் போட்டுக் குப்பையில் சேர்க்கலாம், அதுவும் திரும்பக் கொடுக்க இடம் இல்லாத பட்சத்தில். நான் அன்றைக்குப் போட்ட பட்டைகள் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

தண்ணீரில் கரைந்து போய்விடும், அதற்கு என்ன என்பவர்களுக்கு: கனடாவில் ஒரு சிறிய ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோனை வேண்டுமென்றே கலந்து ஆராய்ந்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கான புரதம் உருவாகி, அந்த ஏரியில் ஒரு சிறு மீன் இனமே ஏறக்குறைய அழிந்துபோனது. நியாயமாகச் சொன்னால், நீர்நிலைக்குப் போகும் மருந்தில் பெரும்பங்கு நம் உடம்பு வழியாகவே போகிறது, ஊற்றுவதால் அல்ல. அதைத் தடுக்க என்னால் முடியாது. ஊற்றாமல் இருக்க முடியும்.

எங்கேயோ ஆரம்பித்து ஏரிக்குப் போய்விட்டேன். கோபம் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகிறது. மீனுக்கு ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுத ஆள் இருக்கிறது. அக்காவுக்குக் குத்தியதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? மருத்துவமனையில் குத்தியிருந்தால் ஒரு படிவம் நிரப்புவார்கள், யாருடைய ஊசி என்று தேடுவார்கள், அந்த நோயாளியின் ரத்தத்தையும் சோதிப்பார்கள். இங்கே அந்த ஊசிக்குச் சொந்தக்காரர் யாரென்று கேட்டதற்கு, "இப்படி யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள், குழுவின் அமைதி கெடுகிறது" என்று பதில் வந்தது. மூடி இல்லாத ஊசியால் கெடாத அமைதி என் கேள்வியால் கெட்டுவிட்டதாம்.

எனக்குத் தெரிந்து இங்கே நான்கு வீட்டில் இன்சுலின் போடுகிறார்கள். எங்கள் வீடு நான்கில் ஒன்று. நான் ஊரில் இல்லாத நாட்களில் அம்மா பழக்கதோஷத்தில் பழையபடி செய்தித்தாளில் மடித்திருந்தால்? கேட்டேன், இல்லை என்கிறார். நம்புகிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். அதனால்தான் குழுவில் எழுதினேன்: யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, திட்ட மாட்டோம், நான்கு பேரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து காட்டிவிட்டால் அக்காவும் மருத்துவரும் அடுத்து என்ன என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும் என்று. "எங்கள் உடம்பு எங்கள் சொந்த விஷயம்" என்றார் ஒருவர். உண்மைதான், கட்டாயப்படுத்த முடியாது, கூடாது. ஆனால் அந்தச் சொந்த விஷயத்தின் முனைதான் அக்காவின் கையில் ஏறியிருக்கிறது.

அம்மா நேற்றுப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மற்ற மூன்று வீட்டிலிருந்து இதுவரை எதுவும் இல்லை. குழுவில் இப்போது வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று காலை அக்கா வழக்கம்போல வந்தார். அதே கையுறை, உள்ளங்கைப் பக்கம் மட்டும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார், ஓட்டையை அடைக்க. "யாருதுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். இன்னும் இல்லை அக்கா என்றேன். "சரி விடு" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் பையைக் கழுத்தைப் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளித் தூக்கிக்கொண்டு போனார்.