பதுங்குதலும் ஒளிதலும் ஒன்றல்ல

'பதுங்கு' என்னும் சொல்லைப் பற்றிய கட்டுரை ஒன்று அதற்கு 'ஒளிந்துகொள்' என்று மட்டும் பொருள் தந்திருக்கிறது; அது போதாது என்று கருதுகிறேன். ஒளிபவர் பிறர் கண்ணில் படாமல் இருந்தால் போதும். பதுங்குபவரோ உடலைத் தாழ்த்திக் குறுக்கிக்கொள்ளவும் வேண்டும். வயிறு தரையில் உரச, ஓர் அடி வைத்து ஒரு கணம் நின்று, குருவியை நோக்கி நகரும் பூனை நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அது பதுங்குகிறது என்றுதான் சொல்கிறோம். 'புலி பதுங்குவது பாய்வதற்கே' என்ற பழமொழியில் அச்சத்தைவிட அடுத்த பாய்ச்சலுக்கான ஆயத்தமே மேலோங்கி நிற்பதால், அங்கே 'ஒளிவது' என்று மாற்றினால் பழமொழியே செத்துவிடும். 'பதுங்குகுழி' என்னும் சொல்லில் மட்டும் தற்காப்புப் பொருள் முந்துகிறது.

ஒதுங்கு–ஒதுக்கு, அடங்கு–அடக்கு போலவே பதுங்கு–பதுக்கு என்ற தன்வினை, பிறவினை இணையையும் கட்டுரை சேர்த்திருக்கலாம். 'பதுக்கல்' என்றதும் நமக்கு மூட்டைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. பதுங்குவது ஆளாயினும் பதுக்கப்படுவது பெரும்பாலும் பொருளே. பேச்சுவழக்கின் 'பம்மு' பொருளில் 'பதுங்கு' என்பதற்கு நெருங்கிய உறவு, ஆனால் அதில் கொஞ்சம் நடிப்பும் கலந்திருக்கிறது. 'நழுவு' வேறு வகை: பதுங்குபவர் அங்கேயே இருக்கிறார், நழுவுபவர் போய்விடுகிறார்.