கராத்தே வகுப்பு முதல் சில மாதங்கள் சலிக்கத்தான் செய்யும்

"சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு, இன்னும் காத்துல குத்திக்கிட்டே இருக்கோம்" என்று கராத்தேயில் புதிதாகச் சேர்ந்தவர்கள் புலம்புவதை அடிக்கடி கேட்கிறேன். என்னைக் கேட்டால், உங்களுக்கு நல்ல மாஸ்டர் வாய்த்திருக்கிறார். முதல் வாரமே பறந்து உதைக்கச் சொல்லித்தரும் இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

முதலில் நிற்கத்தான் கற்றுத்தருவார்கள். ஸென்குட்சு டாச்சி என்றொரு நிலை. முன்கால் முட்டி நன்றாக மடங்கி இருக்க வேண்டும், பின்கால் நீண்டு, குதிகால் தரையில் பதிய வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லை. இரண்டு நிமிடம் அப்படியே நில்லுங்கள், தொடை தானாக நடுங்கும். பின்குதிகால் மெல்ல மேலே எழும்பும், மாஸ்டர் வந்து அதைத்தான் முதலில் பார்ப்பார். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது அந்த இரண்டு நிமிடம் ஞாபகம் வரும்.

அப்புறம் முஷ்டி. விரல்களை இறுக்கி மடித்து, கட்டைவிரலை வெளிப்பக்கம் வைக்க வேண்டும். உள்ளே வைத்துக் குத்தினால் உடைவது உங்கள் விரல்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடிமூட்டுகள்தான் இலக்கில் படவேண்டும், மணிக்கட்டு வளையக் கூடாது. ஒரு கை முன்னே போகும்போது மறு கை இடுப்புக்கு இழுபட வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் குத்துகிற கையையே பார்த்துக்கொண்டு இழுக்கிற கையை மறந்துவிடுவார்கள். இடுப்பு திரும்பி விசை கைக்கு வரும் அந்த ஒரு விஷயம் பிடிபடவே மாதக்கணக்கில் ஆகும். இச்சி, நி, சான் என்று ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே நூறு முறை குத்தச் சொல்வது அதற்காகத்தான்.

பெரியவர்களுக்கு உடம்புவலியைவிட வெட்கம்தான் பிரச்சினை. வரிசை பெல்ட்படிதான். பச்சை பெல்ட் கட்டிய எட்டு வயதுப் பொடியன் முன்னால் நிற்பான், வெள்ளை பெல்ட்டோடு நாம் கடைசி வரிசையில் நிற்போம். கியாய் என்று அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னால் அவன் கூரை அதிரக் கத்துவான், நமக்குத் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். சரி, சில வாரங்களில் பழகிவிடும்.

குத்து, தடுப்பு அசைவுகளைக் குறித்த வரிசையில் தனியாகச் செய்து பழகுவதுதான் கட்டா. அதைச் சண்டைக்கு உதவாத நடனம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷோட்டோகான் பாணியில் ஆரம்பத்தில் வரும் ஹெயான் ஷோடான் என்ற கட்டாவில் 21 அசைவுகள். ஜப்பானின் ஒகினாவா தீவில் அன்கோ இடோசு என்ற கராத்தே ஆசிரியர் 1900களின் தொடக்கத்தில் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து உருவாக்கிய வரிசை அது. திரும்புவது, தடுப்பது, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது என எல்லாமே அதில் இருக்கிறது.

குமிதே என்றால் எதிராளியோடு மோதிப் பழகுவது, ஆனால் உடனே மோத விட மாட்டார்கள். முதலில் கோஹோன் குமிதே. எதிரில் இருப்பவர் ஐந்து முறை ஒரே குத்தோடு முன்னேறுவார். நீங்கள் தடுத்துக்கொண்டே பின்வாங்கி, ஐந்தாவதில் திருப்பிக் குத்த வேண்டும். எங்கே குத்து வரும் என்று தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்வோம்! கியோகுஷின் போன்ற பாணியில் உடம்பில் நிஜமாகவே அடி விழும், ஷோட்டோகானில் கட்டுப்படுத்தி நிறுத்துவார்கள். எது உங்களுக்குச் சரிப்படும் என்பதைச் சேரும் முன்பே யோசியுங்கள். எந்தப் பாணியானாலும் சில மாதப் பயிற்சியை நம்பித் தெருச் சண்டையில் இறங்காதீர்கள், ஓடுவதே மேல்.

இனி பெல்ட். ஷோட்டோகானின் முன்னோடி ஃபுனகோஷி முதல்முறையாக டான் என்ற கருப்பு பெல்ட் தரம் வழங்கியது 1924இல்தான், அதுவும் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவைப் பார்த்து எடுத்துக்கொண்ட முறை. பெல்ட் இல்லாமலேயே கராத்தே அதற்கு முன் வெகுகாலம் இருந்திருக்கிறது. ஒரே வருடத்தில் கருப்பு பெல்ட் என்று யாராவது சொன்னால், அங்கே விற்பது துணி மட்டும்தான். ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்கே சில வருடங்கள் பிடிக்கும்.

கால் நகத்தையும் வெட்டிக்கொண்டு போங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், பழைய முட்டிவலி இருந்தால் மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். யூனிஃபார்முக்கு அவசரமில்லை. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். கடைசி வரிசைக்கு மாஸ்டர் எத்தனை முறை வருகிறார் என்று கவனியுங்கள். அடுத்த பெல்ட்டுக்கான தேர்வான கிரேடிங்குக்குக் கட்டணம் எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை கிரேடிங் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.