டிரெய்லர் டிரைவரை எதில் சோதிக்க வேண்டும்?

ஐரோப்பாவுக்கு டிரெய்லர் டிரைவர் எடுக்க நடத்தும் டெஸ்ட் பல இடங்களில் அரை மணியில் முடிந்துவிடுகிறது. வண்டியை எடு, ஒரு சுற்று போ, ரிவர்ஸில் நிறுத்து. பல வருஷம் லாரி ஓட்டியவருக்கு இதில் என்ன சிரமம்? அங்கே போனபின் அவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் டாக்கோகிராஃபிலும் (ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்யும் வண்டிக் கருவி) லோடு கட்டுவதிலும்தான். பயிற்சி நேரத்தில் பாதியாவது இந்த இரண்டுக்கும் போக வேண்டும் என்பேன்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. அதைப் பிரித்தும் எடுக்கலாம், ஆனால் முதலில் 15, பிறகு 30. முதலில் 30 எடுத்துவிட்டு அப்புறம் 15 எடுத்தால் ஓய்வு முடிந்ததாகாது. மனுஷன் மொத்தம் 45 நிமிடம் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அபராதம் வரும். இன்னொன்று, வண்டி நின்றதும் கருவி வழக்கமாகச் சுத்தியல் குறிக்கு, அதாவது ‘வேறு வேலை’க்குப் போய்விடும். ஓய்வைக் காட்டும் கட்டில் குறிக்கு மாற்ற மறந்தால் தூங்கிய நேரமும் வேலை நேரமாகப் பதிவாகும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரண்டு வாரம் சேர்த்து 90. ஆக, இந்த வாரம் 56 ஓட்டியவருக்கு அடுத்த வாரம் மிச்சம் 34தான். இதை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு வார டிரிப்பைத் தாளில் கொடுத்து, எங்கே எப்போது நிறுத்துவாய் என்று குறிக்கச் சொல்லுங்கள். யாருக்குப் புரிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது சரக்கைக் கட்டும் பெல்ட். லேபிளில் 2500 டெக்காநியூட்டன் (ஏறக்குறைய 2500 கிலோ எடைக்குச் சமமான விசை) என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு பெல்ட் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். அது பெல்ட் தாங்கும் இழுவிசை. சரக்குக்கு மேலே போட்டு இறுக்கும்போது கணக்கில் வருவது எஸ்டிஎஃப் என்ற எண், அதாவது ராட்செட் (பெல்ட்டை இறுக்கும் கைப்பிடிக் கருவி) தரும் இறுக்கம்; அது சில நூறுகளில்தான் இருக்கும். சரக்கு தாழ்வாக இருந்து பெல்ட் 30 டிகிரியில் படுத்தால், அதிலும் பாதிதான் கீழ்நோக்கி அழுத்தும். பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் சரக்கு எடையில் 0.8 பங்கு விசையும், வளைவில் பக்கவாட்டில் 0.5 பங்கும் தாங்கும்படி கட்ட வேண்டும். அதனால்தான் உராய்வு கூட, அடியில் வழுக்காத ரப்பர் மேட் விரிக்கச் சொல்கிறார்கள்.

டிரெய்லர் மாட்டியதும் கியரில் போட்டு இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், டார்ச் அடித்துக் கிங்பின்னை (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் முளை) பூட்டு கவ்வியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும். கழற்றும்போது முதலில் டிரெய்லர் பார்க்கிங் பிரேக்.

காகித விஷயம்: அங்கேயே தங்கி வேலை பார்க்க சர்வதேச ஓட்டுநர் அனுமதி போதாது. கோட் 95 என்ற தொழில்முறை ஓட்டுநர் தகுதி வேண்டும், அதைத் தக்கவைக்க 5 வருஷத்துக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் அல்லாதவர் எல்லை தாண்டி ஓட்டப் பொதுவாக டிரைவர் சான்றும் தேவை. அதை முதலாளிதான் வாங்கித் தர வேண்டும். அதற்கென்று டிரைவரிடம் பணம் கேட்கும் ஏஜென்ட்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆசை காட்டுவார்கள். சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும்படி தூரத்தை வைத்துச் சம்பளம் தருவதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி தடுக்கிறது. 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் எடுக்கவும் கூடாது; வெளியே தங்கும் செலவு முதலாளியுடையது. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், படி, தங்குமிடம் மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.